பள்ளத்தூர் கேம்ரியும் பி0ஏ80 குறியீடும்: ஹைப்ரிட் பேட்டரியை மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். பள்ளத்தூர் வீட்டில் அப்பச்சியின் 2014 கேம்ரி ஹைப்ரிட் நிற்கிறது. 92,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் ஐந்து மாதம் வண்டியை யாரும் எடுக்கவில்லை. பொங்கலுக்கு வந்து பார்த்தால் சாவிக்கு எந்த அசைவும் இல்லை. தெரிந்த மெக்கானிக் வேறொரு காரிலிருந்து கேபிள் போட்டு வண்டியை எழுப்பிக் கொடுத்தார். அன்றே பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்பும்போது சிவப்பு முக்கோணம் எரிந்தது, 'செக் ஹைப்ரிட் சிஸ்டம்' என்று எழுத்து வந்தது, பின்சீட்டுக்குப் பின்னால் விசிறி இரைந்தது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ஸ்கேனர் மாட்டி, 'பி0ஏ80 (P0A80) என்ற பழுதுக் குறியீடு வந்திருக்கிறது, மொத்தப் பேட்டரியையும் மாற்ற வேண்டும், சில லட்சம் ஆகும்' என்று சொல்லிவிட்டார்கள். மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள் தம்பி. பேட்டரி உண்மையிலேயே போயிருக்கலாம். 2014 வண்டிக்கு அது ஆச்சரியமில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு குறியீடு இருக்கிறது, அளந்த எண் ஒன்றுகூட இல்லை. இந்த வண்டியின் பேட்டரியைப் பற்றிப் பேச 17 எண்கள் வேண்டும். அவற்றைப் பார்க்காமல் லட்சக்கணக்கில் செலவு சொல்வது, காய்ச்சல் என்று வந்தவருக்கு ரத்தம் பார்க்காமல் ஆபரேஷன் எழுதுவது மாதிரி. காரைக்குடியில் கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹைப்ரிட் வண்டிகள் என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் உங்களுடையதைப் போலத்தான்: பெரிய வீடு, கார் செட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி, படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து எடுத்த அன்றே பழுது.

முதலில் வண்டிக்குள் இரண்டு பேட்டரி இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் இருப்பது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. பின்சீட்டுக்குப் பின்னால் இருப்பது பெரிய பேட்டரி, 244.8 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. இந்தக் கேம்ரி ஹைப்ரிடில் செல்ஃப் மோட்டார் என்று தனியாக எதுவும் கிடையாது. என்ஜினைச் சுற்றிவிடுவதே பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடும் மோட்டார்தான். அந்தப் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவதும், எல்லாக் கணினிகளையும் எழுப்புவதும் சின்னப் பேட்டரி. ஆகவே எது பலவீனமானாலும் வண்டி நிற்கும், இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விளக்குகள் எரியும். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் பெரிய பேட்டரி இணையவில்லை என்றால் என்ஜின் ஓடாது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் கூடாது. சக்கரம் சுற்றினால் உள்ளே இருக்கும் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும்.

சின்னப் பேட்டரியிலிருந்து தொடங்குவோம். வண்டி பூட்டி நிற்கும்போதும் அலாரம், சாவியைத் தேடும் ரிசீவர், கணினிகளின் நினைவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள், அது குறையே இல்லாத வண்டியின் கணக்கு. ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. இரண்டு மாதத்தில் 43. டிக்கியில் இருக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். ஐந்து மாதம் நின்ற வண்டி எழுந்திருக்காமல் போனதில் எந்த மர்மமும் இல்லை. அப்படி ஒரு தடவை அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரி, கேபிள் போட்டு எழுப்பினாலும் பழைய பலத்துக்கு வருவது அபூர்வம்.

சாதாரணக் காரில் செல்ஃப் இழுக்கும் சத்தத்தை வைத்தே பேட்டரி பலவீனத்தைச் சொல்லிவிடலாம். ஹைப்ரிடில் அந்தச் சத்தம் கிடையாது. அதனால் சின்னப் பேட்டரி சாகும்வரை யாருக்கும் தெரியாது. மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் எதையும் போடாமல் அளந்தால் 12.6 வோல்ட் வந்தால் நிறைவு, 12.2 பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. பிறகு வண்டியை எழுப்பாமல் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டுவிட்டுப் பாருங்கள், 11.5-க்குக் கீழே சரிந்தால் புதிது வாங்குங்கள். அப்புறம் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தி, வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியும் நிலையில் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை வந்தால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. 12.3-லேயே நின்றால் பழுது அந்தக் கன்வெர்ட்டரிலோ அதன் பெரிய ஃப்யூஸிலோ இருக்கிறது, பேட்டரியை மாற்றிப் பயனில்லை.

உங்கள் மெக்கானிக் கேபிளை எப்படிப் போட்டார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிவப்பும் கறுப்பும் ஒரு நொடி மாறியிருந்தாலும் அந்த ஃப்யூஸ் எரிந்திருக்கும், கன்வெர்ட்டர்கூடப் போயிருக்கலாம். அவர்மீது குறை சொல்வதற்காக இதைக் கேட்கச் சொல்லவில்லை. நடந்தது தெரிந்தால் அரை நாள் தேடல் மிச்சம். புதுச் சின்னப் பேட்டரி வாங்கும்போது, ஆசிட் தளும்பாமல் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகையாக, வெளியேறும் வாயுவுக்குக் குழாய் மாட்டும் வசதியோடு வாங்க வேண்டும். பயணிகள் உட்காரும் அறையோடு சேர்ந்த டிக்கிக்குள் சாதாரண ஆசிட் பேட்டரியை வைக்கக் கூடாது.

இனி பி0ஏ80. சின்னப் பேட்டரி கெட்டதால் கணினிகள் பேசிக்கொள்ள முடியாமல் பல குறியீடுகள் வரும், ஆனால் பி0ஏ80 அந்த ரகத்தில் சேராது. பெரிய பேட்டரிக்குள் 34 தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு. ஆக மொத்தம் 204 செல். கணினி இரண்டிரண்டு தொகுதிகளாகச் சேர்த்து, 17 பிளாக்குகளாகத்தான் பார்க்கிறது. ஒரு பிளாக்குக்கும் இன்னொன்றுக்கும் வோல்ட் வித்தியாசம் அளவுக்கு மீறினால் பி0ஏ80 போடும். அதாவது 'இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை' என்று கணினி சொல்கிறது. ஏன் ஒற்றுமை இல்லை என்பது அதற்குத் தெரியாது. ஒரு செல் செத்திருக்கலாம். வோல்ட்டை எடுத்துச் செல்லும் கம்பி அரித்திருக்கலாம். நடுவில் இருக்கும் தொகுதிகள் சூட்டில் வெந்திருக்கலாம். மாதக்கணக்கில் நின்றதில் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு அளவுக்குத் தானாக இறங்கியிருக்கலாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சும்மா இருந்தாலே இறங்கும், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் வேகமாக. செல்களைச் சமமாக்கும் ஏற்பாடு இந்தப் பேட்டரிக்குள் தனியாக இல்லை. ஐந்து மாதம் நின்று எடுத்த முதல் நாளே குறியீடு வந்திருப்பதால் இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். ஆனால் சந்தேகம் சந்தேகம்தான், அளந்து பார்க்க வேண்டும்.

யாரிடம் போனாலும் குறியீட்டை அழிக்கும் முன் அதோடு சேர்ந்து பதிவான விவரத்தை எடுக்கச் சொல்லுங்கள். குறியீடு விழுந்த நொடியில் வண்டி எந்த வேகத்தில் போனது, பேட்டரியில் எத்தனை சதவீதம் இருந்தது, உள்ளே எவ்வளவு சூடு, எந்தப் பிளாக் எத்தனை வோல்ட் என்று கணினி ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். வெளியூர்ப் பட்டறை அழித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, மலிவான ஸ்கேனர்கள் என்ஜின் கணினியை மட்டும் படிக்கும். ஹைப்ரிட் கணினிக்குள்ளும் பேட்டரிக் கணினிக்குள்ளும் போகும் ஸ்கேனர் வேண்டும். டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வண்டியின் ஸ்கேனர் சாக்கெட்டில் மாட்டும் புளூடூத் டாங்கிள் ஒன்றும், டாக்டர் பிரையஸ் போன்ற செயலியும் போதும்; 17 பிளாக்கையும் பட்டை வரைபடமாகக் கைப்பேசியிலேயே காட்டும்.

அளக்கும் முறை இது. டாங்கிளை மாட்டி வண்டியை ரெடி நிலைக்குக் கொண்டுவாருங்கள். திறந்த வெளியில் நிறுத்துங்கள், பூட்டிய செட்டுக்குள் வேண்டாம். என்ஜின் தானாகவே ஓடத் தொடங்கும், புகை உள்ளேயே தங்கினால் ஆளைக் கொல்லும். ஏசியை முழு வேகத்தில் வைத்து, ஹெட்லைட் போட்டு, என்ஜின் நின்றிருக்கும் நேரத்தில் பிளாக்குகள் எப்படி இறங்குகின்றன என்று பாருங்கள். பேட்டரி 40 சதவீதம் அருகே வந்ததும் என்ஜின் ஓடி நிரப்பத் தொடங்கும். அப்போது எப்படி ஏறுகின்றன என்று பாருங்கள். அப்புறம் ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தபடி காரைக்குடி பைபாஸில் ஒரு நடை போய்வாருங்கள்; இரண்டு மூன்று தடவை அழுத்தி மிதித்து வேகமெடுக்க வேண்டும், இரண்டு மூன்று தடவை நீளமாக பிரேக் பிடிக்க வேண்டும்.

நல்ல பேட்டரியில் சும்மா நிற்கும்போது 17 பிளாக்குகளும் 15-லிருந்து 16.5 வோல்ட் வரை எங்காவது நிற்கும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 0.2 அல்லது 0.3-ஐத் தாண்டாது. அழுத்தி மிதிக்கும்போது எல்லாம் சேர்ந்து இறங்கி, விட்டதும் சேர்ந்து ஏறும். கோவில் தேர் வடத்தை எல்லோரும் ஒன்றாக இழுப்பது மாதிரி இருக்கும். கெட்டுப்போன பேட்டரி பல விதமாகக் கெடும், அதைத்தான் இந்த எண்கள் பிரித்துக் காட்டுகின்றன.

ஒரு பிளாக் மட்டும் எப்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும், மற்றவற்றைவிட 1.2 வோல்ட் போலக் கீழேயே நிற்கிறதா? அதில் ஒரு செல் செத்துவிட்டது. செல்லின் வோல்ட்டும் அதுதான், கணக்கு அப்படியே ஒத்துப்போகும். இதற்கு வண்டியை ஓட்டிச் சரிசெய்ய வழியில்லை, அந்தத் தொகுதி மாறியாக வேண்டும்.

ஒரு பிளாக் மிதிக்கும்போது எல்லோருக்கும் கீழேயும், நிரப்பும்போது எல்லோருக்கும் மேலேயும் போகிறதா? செல் சாகவில்லை, கொள்ளளவு சுருங்கிவிட்டது. சின்னக் குடம் சீக்கிரம் நிறையும், சீக்கிரம் காலியாகும். மிதிக்கும்போது வித்தியாசம் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்த பிளாக்கின் காலம் முடிகிறது என்று கொள்ளலாம். திரையில் பேட்டரிக் கட்டங்கள் சில நிமிடத்தில் நிறைவதும், ஒரு மேம்பாலம் ஏறியதும் அடிமட்டத்துக்கு இறங்குவதும் இதனுடைய வெளி அடையாளம்.

ஒரு பிளாக்கின் எண் மட்டும் காரணமில்லாமல் துள்ளுகிறதா, பள்ளத்தில் இறங்கி ஏறினால் மாறுகிறதா? பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். தொகுதிகளை இணைக்கும் செம்புப் பட்டையில் பச்சை பூத்திருக்கும், அல்லது அளக்கும் கம்பியின் முனை அரித்திருக்கும். பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, சரியான இறுக்கத்தில் மாட்டினாலே எண் ஒழுங்குக்கு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிக்கி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கிய வண்டிகளில் இது சகஜம்.

இரண்டு ஓரத்திலும் உள்ள பிளாக்குகள் நன்றாக இருந்து, நடுவில் நாலைந்து மட்டும் தளர்ந்திருக்கிறதா? அது சூடு. காற்று சரியாகப் போகவில்லை. 17-ம் ஒன்றாகவே இறங்குகின்றன, ஆனால் எல்லாமே சடசடவென்று இறங்குகின்றன என்றால் மொத்தப் பேட்டரிக்கும் வயதாகிவிட்டது. அப்படி வந்தால் அந்தப் பட்டறை சொன்னது சரி. நானும் மாற்றத்தான் சொல்வேன்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பேட்டரியைக் கொல்வது கிலோமீட்டரைவிட அதுதான். இந்தப் பேட்டரி காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பின்சீட்டை ஒட்டி ஒரு சல்லடை ஜன்னல் இருக்கும், அதற்குள் விசிறி. செம்மண் தூசி அந்த விசிறியின் இலைகளில் கெட்டியாக அப்பிக்கொள்ளும். சீட் கவர் தைப்பவர்கள் அந்த ஜன்னல் எதற்கென்று தெரியாமல் ரெக்சினால் மூடிவிடுவதும் உண்டு. சீர் சாமான், முறுக்குத் தூக்கு, பை என்று பின்சீட்டில் அடுக்கும்போது அது அடைபட்டுவிடும். தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு வண்டியில் விசிறிக் குழாய்க்குள் எலி கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார், வைக்கோல், கடித்துக் கிழித்த கல்யாணப் பத்திரிகைத் துண்டுகள், எல்லாம் சேர்ந்து ஒரு பந்து. அந்தப் பேட்டரியின் நடு பிளாக்குகள் இரண்டும் போய்விட்டன. ஒரு சுற்று வெளிச்சம் அடித்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான்.

உங்கள் வண்டியில் விசிறி இரைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல தகவல். கணினி சூட்டைக் கண்டு விசிறியை முழு வேகத்தில் வைத்திருக்கலாம். செயலியில் பேட்டரிக்குள் இருக்கும் சென்சார்களின் வெப்பநிலையைப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று நாலைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசப்பட்டாலோ, ஏசி போட்டு ஓட்டியும் 45-ஐத் தாண்டினாலோ, விசிறியைக் கழற்றிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. மதிய வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது கண்ணாடியை இறக்கி, ஏசியைப் போட்டு, உள்ளே ஆறிய பிறகு வேகமெடுங்கள். நமக்கு இதமான காற்றுதான் பேட்டரிக்கும் இதம்.

பி0ஏ80 மட்டும்தான் வந்ததா, கூடவே வேறு குறியீடும் உண்டா என்று கட்டாயம் பாருங்கள். பி0ஏ82 வந்தால் விசிறிப் பழுது. பி0ஏ93 என்றால், பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் தண்ணீர் சரியாகச் சுழலவில்லை. பானட்டைத் திறந்தால் இன்வெர்ட்டருக்கென்று தனி கூலன்ட் தொட்டி இருக்கும். ரெடி நிலையில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அசையாமல் நின்றால் பம்ப் போய்விட்டது. பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பம்ப் மிகச் சின்னச் செலவு, ஆனால் கவனிக்காமல் ஓட்டினால் இன்வெர்ட்டரையே எடுத்துக்கொள்ளும்.

பி0ஏஏ6 வந்தால் நிலைமை வேறு. உயர் அழுத்த மின்சாரம் எங்கோ பாடியில் கசிகிறது என்று பொருள். வண்டி ஒரு தடவை அணைந்தால் மறுபடி ரெடி ஆகாமல் போகலாம், தொடுவதற்கும் ஆபத்து. இதில் முக்கிய எண்ணோடு மூன்றிலக்கத் துணை எண் ஒன்று இருக்கும். 611 என்றால் ஏசி கம்ப்ரசர் பக்கம், 612 பேட்டரி பக்கம், 613 கியர் பெட்டி மோட்டார் பக்கம், 614 இன்வெர்ட்டர் பக்கம். பாதிப் பட்டறைகள் இந்தத் துணை எண்ணைப் படிப்பதே இல்லை. 611-க்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். இந்த வண்டிகளின் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, அதன் சுருள்கள் எண்ணெயிலேயே நனைந்து கிடக்கின்றன. அதற்கு மின்சாரம் கடத்தாத எண்ணெய், என்டி-11 என்ற வகை, ஊற்ற வேண்டும். கேஸ் நிரப்புகிறவர் மற்ற கார்களுக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெயை ஊற்றிவிட்டால் இன்சுலேஷன் கெடும். ஏசி சர்வீஸ் செய்த சில நாளில் இந்தக் குறியீட்டோடு ஒரு வண்டி என்னிடம் வந்தது. அதற்கும் பெரிய பேட்டரியைத்தான் மாற்றச் சொல்லியிருந்தார்கள். மின்கசிவை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்ததில் பேட்டரி சுத்தமாக இருந்தது, கம்ப்ரசர் கசிந்தது. உங்களுக்கு இந்தக் குறியீடு இல்லை என்றே நினைக்கிறேன், ஆனாலும் இனி ஏசி வேலைக்கு விடும்போது எண்ணெய் எதுவென்று கேட்காமல் விடாதீர்கள்.

இதுவரை சொன்ன அளவுகளை எல்லாம் கைப்பேசியும் மல்டிமீட்டரும் வைத்து நீங்களே எடுக்கலாம். பேட்டரி மூடியைத் திறப்பது நீங்கள் செய்யக்கூடிய வேலை இல்லை. உங்கள் வழக்கமான மெக்கானிக் கைராசிக்காரர் என்றாலும் இதில் பயிற்சி இல்லாவிட்டால் அவரும் செய்யக் கூடாது. பேட்டரி 244.8 வோல்ட் என்றாலும் இன்வெர்ட்டர் அதை 650 வரை ஏற்றும். ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். வேலை தெரிந்தவர் வண்டியை அணைத்து, சாவியைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, 1000 வோல்ட் ரப்பர் கையுறையைச் சுருட்டி ஊதி ஓட்டை இல்லை என்று பார்த்து மாட்டிக்கொண்டு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவித் தன் பையில் போட்டுக்கொள்வார். பத்து நிமிடம் காத்திருப்பார், இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கபாசிட்டர் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். அதன்பிறகும் மீட்டர் வைத்து பூஜ்யம் என்று பார்த்துத்தான் தொடுவார். பிளக்கை எடுத்தாலும் பேட்டரிக்குள் இருக்கும் வோல்ட் எங்கும் போய்விடுவதில்லை. தொகுதிகள் பாதிப்பாதியாகப் பிரிகின்றன, அவ்வளவுதான். இந்த வரிசையில் ஒன்றைத் தவறவிடும் பட்டறையைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, அளந்த பிறகு என்ன செய்வது? எல்லா பிளாக்குகளும் அரை வோல்ட்டுக்குள் சிதறியிருந்து, எதிலும் 1.2 வோல்ட் இடைவெளி இல்லை என்றால், நின்றதால் வந்த சமமின்மைதான். சின்னப் பேட்டரியை மாற்றி, விசிறியைச் சுத்தம் செய்து, பதிவுகளை எடுத்துக்கொண்டு குறியீட்டை அழித்துவிட்டு, ஒரு வாரம் தினமும் குன்றக்குடி, திருப்பத்தூர் என்று முப்பது நாற்பது கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள். சிதறல் நாளுக்கு நாள் குறைகிறதா என்று எண்களை எழுதி வையுங்கள். குறைந்தால் பிழைத்தது. குறையாமல் நின்றால், தெரிந்த பட்டறையில் மொத்தப் பேட்டரியையும் விசிறி ஓட்டியபடி மிகக் குறைந்த ஆம்பியரில், மணிக்கணக்கில் மெதுவாக நிரப்பிச் சமப்படுத்தலாம். நானும் செய்கிறேன், பல வண்டிகளுக்கு உதவியிருக்கிறது, சிலவற்றுக்கு உதவவில்லை.

ஒரு செல் செத்திருந்தால் அந்தத் தொகுதியை மட்டும் மாற்றலாம் என்று பலர் சொல்வார்கள். மாற்றலாம், மலிவும்கூட. ஆனால் பத்து வருடப் பழைய 33 பேரோடு புதிதாக வருகிறவர் ஒத்துப்போக வேண்டும். எந்தத் தொகுதியை வாங்கினாலும் அதன் கொள்ளளவை அளந்து, மற்றவற்றுக்கு நெருக்கமானதாகத் தேர்ந்தெடுக்காமல் மாட்டினால் மூன்று நான்கு மாதத்தில் அடுத்தது விழும், பிறகு அதற்கு அடுத்தது. ஒவ்வொரு தொகுதியையும் தனியாக எடுத்து ஒரு ஹெட்லைட் பல்பை இரண்டு நிமிடம் எரியவிட்டு, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி அட்டவணை காட்டும் பட்டறைக்குத்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். அட்டவணை கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வேண்டாம். வண்டியை வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒட்டு வேலை உங்களுக்கு ஏற்றதில்லை, நடுவழியில் நிற்க நேரும். அப்போது புதுப் பேட்டரியே நல்லது.

மற்ற ஹைப்ரிட் வண்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதற்கும் இரண்டு வரி. உங்கள் மச்சான் வைத்திருக்கும் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடிலும், ஹைரைடரிலும், ஹோண்டா சிட்டி ஹைப்ரிடிலும் லித்தியம் பேட்டரி. அங்கே வித்தியாசத்தை மில்லி வோல்ட்டில் பார்க்க வேண்டும், மேலே சொன்ன மெது நிரப்பல் எதுவும் அதற்குப் பொருந்தாது, திறக்கவே கூடாது. இன்னோவா ஹைகிராஸில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுதான். இவற்றுக்குப் பேட்டரி உத்தரவாதம் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அந்தக் காலத்துக்குள் வெளியே யாரையும் கை வைக்க விடாதீர்கள். சியாஸில் எஸ்ஹெச்விஎஸ் என்று எழுதியிருப்பது லேசான ஹைப்ரிட். அதில் ஆரஞ்சுக் கேபிளும் இல்லை, பி0ஏ80 கதையும் இல்லை.

காரைக்குடிப் பக்கத்தில் இருந்துகொண்டு அளக்காமலே பேட்டரியை மாற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட சிக்ரி இந்த ஊரில்தான் இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே உள்ள மத்திய ஆய்வகம். அவர்கள் கார் பழுது பார்ப்பவர்கள் இல்லை, அங்கே வண்டியைக் கொண்டுபோக முடியாது. ஆனால் அந்த மதிலைத் தினமும் தாண்டிப் போகிற நாங்கள், அளக்காமல் பேட்டரியைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் சிங்கப்பூர் திரும்பும் முன் செய்ய வேண்டியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு நேரில் காட்டிக் கொடுங்கள், போனில் சொன்னால் புரியாது. பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தி, பச்சையில் ரெடி என்று வந்தால்தான் வண்டி விழித்திருக்கிறது. பிரேக் மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் திரை எரியும், பாட்டுப் பாடும், ஆனால் சின்னப் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். 'வாரா வாரம் ஒரு மணி நேரம் ஸ்டார்ட்டில் வைத்தேனே' என்று சொன்ன வீடுகளில் பேட்டரி செத்தது இப்படித்தான். நிறுவனத்தின் கையேடு சில மாதத்துக்கு ஒரு தடவை 30 நிமிடமாவது, அல்லது 16 கிலோமீட்டராவது ஓட்டச் சொல்கிறது. அது பெரிய பேட்டரிக்கான கணக்கு. சின்னதையும் சேர்த்து நான் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று சொல்வேன். ஓட்டுகிற ஆளே இல்லை என்றால் சின்னப் பேட்டரிக்கு ஒரு பராமரிப்பு சார்ஜர் வாங்கி மாட்டிவிடுங்கள். சாவியை வண்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல் உள்கட்டு அலமாரியில் வையுங்கள், இல்லையென்றால் வண்டியும் சாவியும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும். கார் செட்டில் நெல் மூட்டை இருந்தால் அப்புறப்படுத்துங்கள், மூட்டை இருக்கும் இடத்துக்கு எலி வரும்.

17 எண்களையும் மூன்று தடவை எடுங்கள்: சும்மா நிற்கும்போது, மிதிக்கும்போது, நிரப்பும்போது. திரையைப் படம் பிடித்து, கூடவே சின்னப் பேட்டரியின் காலை வோல்ட்டையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்ததும் மாற்றலாமா வேண்டாமா என்று உறுதியாகச் சொல்கிறேன்.